முயலின் நரம்பில் ஒரு சுருக்கு

1

1772ஆம் ஆண்டு, ஜனவரி 11. கனடாவின் வடமேற்கில், இன்று கிரேட் ஸ்லேவ் ஏரி என்று அழைக்கப்படும் பெரும் நீர்ப்பரப்புக்குத் தெற்கே உள்ள காடு. வேட்டைக்குப் போன சிலர் பனியில் ஒரு தடத்தைப் பார்க்கிறார்கள். பனிக்காலணியின் தடம்தான், ஆனால் அவர்கள் கூட்டத்தில் யாரும் அணிகிற மாதிரி இல்லை. தடத்தின் பின்னாலேயே வெகுதூரம் போகிறார்கள். ஒரு சிறு குடிசை வருகிறது. உள்ளே ஓர் இளம்பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

ஏறக்குறைய ஏழு மாதமாக அவள் இன்னொரு மனித முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படி ஒரு காட்சியை எழுதச் சொன்னால் நம்மில் பலரும் எலும்பும் தோலுமாக ஓர் உருவத்தைத்தான் எழுதுவோம். அவளோ நல்ல உடல்நலத்தோடு இருந்தாள். குடிசையில் உணவு கொஞ்சம் சேமிப்பிலேயே இருந்தது. முயல்தோலில் தைத்த முழு உடை போட்டிருந்தாள். குளிருக்கு மட்டும் தைத்த உடை இல்லை அது, அழகுக்கென்று வேலைப்பாடுகளும் செய்திருந்தாள். அவளிடம் இருந்த உலோகம் மொத்தமே இரண்டு துண்டு. ஐந்தாறு அங்குல இரும்புப் பட்டை ஒன்று, அதைக் கத்தியாக்கியிருந்தாள். இரும்பு அம்புமுனை ஒன்றின் காம்பு. அது துளை போடும் குத்தூசி. இந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் பனிக்காலணியும் செய்திருந்தாள், எந்தத் தடம் அவளைக் காட்டிக்கொடுத்ததோ அந்தக் காலணி.

துப்பாக்கி கிடையாது. துணைக்கு ஆள் கிடையாது. அவளை உயிரோடு வைத்திருந்தது சுருக்கு. நம் ஊரில் கண்ணி என்று சொல்கிறோமே, அது.

2

இதைப் பதிவு செய்தவர் சாமுவேல் ஹெர்ன். 1670இல் அரச சாசனம் பெற்று, கனடாவின் ரோமத் தோல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த ஹட்சன்ஸ் பே கம்பெனியின் ஊழியர். வடக்கே தாமிரம் கிடைக்கிறது என்ற வதந்தியை நம்பி கம்பெனி அவரை அனுப்பியது. இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை மட்டோனாபி என்ற பூர்வகுடித் தலைவரின் கூட்டத்தோடு நடந்தே ஆர்க்டிக் கடற்கரை வரை போனார். திரும்பும் வழியில்தான் இந்தப் பெண்.

ராத்திரி டிப்ளாய்மென்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய பயணக் குறிப்புகளைப் படிப்பது என் பழக்கம். ஹெர்னின் புத்தகம் அப்படித்தான் கைக்கு வந்தது. அது வெளியானது 1795இல், அவர் இறந்து மூன்று வருடம் கழித்து. கம்பெனி ஆளின் பார்வை, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியனின் சொற்கள். பரபரப்பான சில பகுதிகளில் வேறு கைகள் புகுந்திருக்கின்றன என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனவே அவர் சொல்வதை எல்லாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பெண்ணைப் பற்றிய பக்கங்களில் ஒரு தன்மை இருக்கிறது. அவள் எதை வைத்து எதைச் செய்தாள் என்று பொருள் பொருளாக எழுதுகிறார். பரபரப்புக்காக எழுதுகிறவன் அவளுடைய கயிற்றின் மூலப்பொருளைப் பற்றி மெனக்கெட்டு எழுத மாட்டான்.

அவள் டாக்ரிப் என்று ஹெர்ன் குறிப்பிடும் மக்களைச் சேர்ந்தவள். அந்த மக்கள் இன்று தங்களை த்லிச்சோ என்று அழைத்துக்கொள்கிறார்கள். 1770ஆம் ஆண்டு கோடையில் ஒரு இரவு, அத்தபஸ்கா பகுதியிலிருந்து வந்த எதிரிக் கூட்டம் அவர்கள் கூடாரத்தைத் தாக்கியது. அப்பா, அம்மா, கணவன் எல்லாரும் கொல்லப்பட்டார்கள். அவளையும் இன்னும் மூன்று இளம்பெண்களையும் மட்டும் சிறைபிடித்தார்கள். நாலைந்து மாதக் கைக்குழந்தையைத் துணி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோனாள். முகாமுக்குப் போனதும் அங்கிருந்த பெண்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி குழந்தையைப் பிடுங்கி அந்த இடத்திலேயே கொன்றாள்.

அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டவன் மனைவி போலவே நடத்தினான், அன்பாகவும் இருந்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் குழந்தையைக் கொன்றவர்களோடு சோறு தின்ன முடியவில்லை. அடுத்த கோடையில் ஓடிவிட்டாள். ஊருக்குப் போக நினைத்தாள், வழி தெரியவில்லை. பிடித்துக்கொண்டு வந்தபோது முழுத் தூரமும் படகிலேயே வந்திருந்தார்கள். எத்தனை ஆறு, எத்தனை ஏரி, எத்தனை வளைவு. எது எங்கே பிரிந்தது என்று நினைவில்லை. குளிர்காலம் நெருங்கியது. இருந்த இடத்திலேயே குடிசை போட்டாள்.

3

கண்ணியின் கதையை இங்கிருந்து தொடங்கலாம்.

வடக்குக் காட்டின் பனிமுயல் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். பனியில் அதைப் பார்ப்பதே கஷ்டம், துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஆழமான பனியில் புதுவழி போடுவது சிரமம் என்பதால், போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போகும். நாள்பட நாள்பட அது கெட்டிப்பட்ட சின்னஞ்சிறு ஒற்றையடிப் பாதையாகிவிடும். கண்ணி வைப்பவர் தேடுவது முயலை இல்லை, இந்தப் பாதையை.

பாதை ஒடுங்கும் இடத்தில், முயலின் தலை வரும் உயரத்தில், ஒரு வளையம் தொங்கும். தலை நுழையும், தோள் நுழையாது. முயல் முன்னால் தள்ளத் தள்ளச் சுருக்கு இறுகும். வில்லில் வேட்டைக்காரனின் தோள்வலு அம்பாகப் பாய்கிறது, துப்பாக்கியில் மருந்து வெடிக்கிறது. கண்ணியில் மனிதன் தரும் விசை என்று எதுவுமே இல்லை. மிருகத்தின் ஓட்டமே மிருகத்தைப் பிடிக்கிறது. சில இடங்களில் வளைத்த இளமரத்தோடு கயிற்றைக் கட்டிவிடுவார்கள். முயல் இழுத்ததும் மரம் நிமிர்ந்து அதை மேலே தூக்கிவிடும், நரியும் லிங்க்ஸ் பூனையும் எட்டாத உயரத்துக்கு.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வில்லோடு போகிறவர் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். முப்பது கண்ணி வைத்தவர் முப்பது இடத்தில் இருக்கிறார், தூங்கும்போதும் இருக்கிறார். எங்கள் தொழிலில் சொன்னால் பேக்ரவுண்டில் ஓடும் ப்ராசஸ். குடிசைக்குள் உட்கார்ந்து தோல் தைக்கும் நேரத்திலும் வெளியே அவளுடைய வேட்டை நடந்துகொண்டிருக்கும். தனி ஆளாக ஒரு குளிர்காலத்தைத் தாண்ட இதைவிடத் தோதான கருவி கிடையாது. குளிரில் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் உடம்பு விலை கேட்கும். கண்ணி அந்தச் செலவைக் குறைக்கிறது.

சரி, கயிறுக்கு எங்கே போவது?

ஓடி வரும்போது மான் தசைநார் கொஞ்சம் எடுத்து வந்திருந்தாள். கண்ணிக்கும் உடை தைக்கவும் அது தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு அவள் செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிடிபட்ட முயல்களின் கால்களிலும் பாதங்களிலும் இருக்கும் மெல்லிய நரம்புகளை உரித்தாள். ஒன்றோடு ஒன்று சேர்த்து முறுக்கினாள். அதில் அடுத்த கண்ணியைக் கட்டினாள். அதில் விழுந்த முயலின் நரம்பில் அதற்கடுத்த கண்ணி.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஒரு மொழியின் கம்பைலரை அதே மொழியில் எழுதி, அதை வைத்தே அதன் அடுத்த பதிப்பைக் கம்பைல் செய்வது. அந்தச் சுழற்சியைத் தொடங்க வெளியிலிருந்து ஒரு சின்ன விதை வேண்டும், அதன் பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அவளுடைய விதை அந்தக் கொஞ்சூண்டு மான் நரம்பு.

முயலை மட்டும் தின்று உயிர் வாழ முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முயல் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. அதை மட்டுமே தின்றால் வயிறு நிறைந்தும் பசி அடங்காது, வயிற்றுப்போக்கு வரும், சில வாரங்களில் ஆள் சாய்ந்துவிடலாம். ஆர்க்டிக் பயணி வில்ஹ்யால்முர் ஸ்டெஃபான்சன் இதை முயல் பட்டினி என்ற பெயரில் விவரித்திருக்கிறார். அந்தப் பெண்ணின் உணவுப் பட்டியலில் முயல், அணில், காட்டுக் கோழி தவிர இரண்டு மூன்று பீவரும் சில முள்ளம்பன்றிகளும் இருந்தன. இரண்டுமே கொழுப்பு நிறைந்தவை. தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணின் கணக்கு அது.

தீயையும் அப்படித்தான் காத்தாள். கந்தகம் கலந்த இரண்டு கற்களை வெகுநேரம் தட்டினால் சில பொறிகள் வரும். எல்லா முறையும் பற்றிக்கொள்ளாது. எனவே குளிர்காலம் முழுக்கத் தீயை அணையவே விடவில்லை.

இதெல்லாம் போக மிச்ச நேரத்தில் என்ன செய்தாள் தெரியுமா? வில்லோ மரத்தின் உட்பட்டையை உரித்து மெல்லிய கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள். நம் மீனவர்கள் பாகம் என்பார்களே, ஆறடி, அந்தக் கணக்கில் நூற்றுக்கணக்கான பாகம் திரித்து வைத்திருந்தாள். வசந்தம் வந்து பனி உருகியதும் மீன்வலை பின்னுவதற்காக.

4

வேட்டையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் கதைகளில் கண்ணி ஏன் இல்லை?

கொங்குப் பக்கம் போனால் புலிக்குத்திக் கல் பார்க்கலாம். புலியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட கல். பன்றியோடு மோதிச் செத்தவனுக்கும் கல் உண்டு. முயலுக்குக் கண்ணி வைத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சியோடு கறி கொடுத்தவளுக்குக் கல் கிடையாது. வேட்டை கதையாக வேண்டுமென்றால் எதிரெதிரே நிற்க வேண்டும், ரத்தம் வேண்டும், பார்க்க ஆள் வேண்டும். கண்ணியில் முக்கியமான சம்பவம் நடக்கும்போது வேட்டைக்காரரே அங்கே இருப்பதில்லை. கதைசொல்லி எதைச் சொல்வான்?

நம் இலக்கியம் அதை முற்றிலும் மறைக்கவும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைக் கடக்கும்போது, மற்ற மான்களை ஈர்ப்பதற்காகப் பழக்கிக் கட்டிவைத்த பார்வை மானைப் பார்க்கிறோம். நாய்களோடு போய் வேலியோரம் வலை மாட்டி முயல் பிடிப்பதைப் பார்க்கிறோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதை இழிவாகச் சொல்லவில்லை, வறண்ட நிலத்தின் சாப்பாட்டு வழியாகத்தான் சொல்கிறார். ஆனால் குறளுக்கு வந்தால் தொனி மாறுகிறது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில், தவவேடத்துக்குள் மறைந்து தப்பு செய்கிறவனுக்கு உவமையாக வருவது புதருக்குள் மறைந்து பறவை பிடிக்கும் வேடன். நேருக்கு நேர் நிற்காத வேட்டை என்றால் அது வஞ்சகம். இந்த எண்ணம் தமிழுக்கு மட்டும் சொந்தம் இல்லை. பல மொழிகளில் கண்ணி என்ற சொல் சூழ்ச்சிக்கும் பெயர்.

தொல்லியலும் கண்ணிக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறது, அதன் தப்பில்லை என்றாலும். கல் நிற்கும், எலும்பு கொஞ்சம் நிற்கும், கயிறு மக்கிவிடும். ஆகவே மனிதனின் ஆதிக்கதையைக் கல்முனைகளை வைத்தே எழுதினோம். ஈட்டி எறியும் ஆண் அந்தக் கதையின் நாயகன் ஆனான்.

2010இல் லின் வாட்லி என்ற தென்னாப்பிரிக்கத் தொல்லியலாளர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டார். டர்பனுக்கு வடக்கே சிபுடு என்ற பாறைக்குகை இருக்கிறது. அங்கே 60,000 வருடத்துக்கும் முந்தைய படிவங்களில் நீல டூய்க்கர் என்ற குட்டி மானினத்தின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. ஐந்து கிலோ எடை பக்கம் வரும், அடர்ந்த புதர்க்காட்டில் ஒளிந்து வாழும் பிராணி. அதைப்போய் ஒவ்வொன்றாக ஈட்டியால் குத்தியிருப்பார்களா? இந்த அளவு பிராணியை இவ்வளவு எண்ணிக்கையில் பிடிக்க ஏற்ற வழி கண்ணிதான் என்று வாதிட்டார். கயிறு கிடைக்கவில்லை. கயிறு பிடித்தது மட்டும் கிடைத்திருக்கிறது.

வாட்லிக்கு இது சாப்பாட்டுப் பட்டியல் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. ஈட்டி எறிபவர் கண்முன் இருப்பதைப் பார்த்துச் செயல்படுகிறார். கண்ணி வைப்பவர் இன்னும் வராத ஒரு மிருகத்தை மனதில் நிறுத்த வேண்டும். அது எந்த வழியாக, எந்த உயரத்தில் தலையை வைத்து வரும் என்று யோசிக்க வேண்டும். வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும். போனாலும் எங்கெங்கே வைத்தோம் என்பதை நினைவில் வைத்துத் திரும்பி வர வேண்டும். அதாவது கண்ணி என்பது நாளையைப் பற்றி யோசிக்கத் தெரிந்த மூளையின் தடயம்.

அந்தக் குடிசைக்குள் இருந்த வில்லோ கயிற்றை நினைத்துக்கொண்டுதான் இந்த வாதத்தைப் படித்தேன். ஜனவரிப் பனியில், உறவென்று சொல்ல ஒருவரும் மிஞ்சாதபோது, வசந்தத்து மீனுக்காக ஒருத்தி கயிறு திரிக்கிறாள்.

5

கதைசொல்லிகள் கண்ணியைக் கவனிக்காமல் விட்டார்கள். சட்டம் இயற்றுகிறவர்கள் விடவில்லை.

இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வருடத்துக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலம் இல்லாதவர் வேட்டை நாய் வைத்திருக்கக் கூடாது. வலை, கயிறு, முயல் பிடிக்கும் பொறி எதுவும் கூடாது. அதற்குச் சொன்ன காரணம் சுவையானது. நல்ல கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் இருக்கும் விடுமுறை நாட்களில் உழைப்பாளிகள் வேட்டை என்ற சாக்கில் கூடிச் சதி செய்கிறார்களாம். 1381இன் விவசாயிகள் கிளர்ச்சி முடிந்து பத்து வருடம்கூட ஆகாத நேரம். பயம் முயல் குறையும் என்பதால் வந்தது இல்லை, ஏழை ராத்திரியில் நடமாடுகிறான் என்பதால் வந்தது.

1671இல் தகுதி ஏறியது. வருடம் 100 பவுண்டு வருமானம் வரும் சொந்த நிலம் இருந்தால்தான் வேட்டையாடலாம். தன் வயலில் மேயும் முயலைத் தானே பிடித்தாலும் சிறு விவசாயி குற்றவாளி. 1828ஆம் ஆண்டுச் சட்டப்படி ராத்திரியில் வலையோடோ பொறியோடோ மூன்றாவது முறை சிக்கினால் ஏழு வருடம் நாடு கடத்தலாம்.

இந்தக் கதையில் ஒரு தலைகீழ்த் திருப்பம் உண்டு. கண்ணி வைப்பவனைப் பிடிக்க நிலப்பிரபுக்கள் கண்ணி வைத்தார்கள். காலைக் கவ்வும் இரும்புப் பொறிகளும், கம்பி இடறினால் தானே வெடிக்கும் துப்பாக்கிகளும் காடுகளில் ஒளித்து வைக்கப்பட்டன. திருடன் வந்தானா, காளான் பொறுக்க வந்த பிள்ளையா என்று கம்பிக்குத் தெரியாது. பாதிரியாரும் எழுத்தாளருமான சிட்னி ஸ்மித் போன்றவர்கள் இதை எதிர்த்து எழுதினார்கள். 1827இல் நாடாளுமன்றம் தடை செய்தது. வைத்தவன் அங்கே இல்லாமல் கொல்லும் கருவி என்றால் என்ன என்று, தங்கள் கால்கள் சிக்கிய பிறகு மனிதர்களுக்குப் புரிந்தது.

இந்தச் சட்ட மனநிலை கப்பல் ஏறி நம் மலைகளுக்கும் வந்தது. ஊட்டியில் ஆங்கிலேயர்கள் வேட்டைநாய்களோடு குதிரையேறி நரி துரத்திக்கொண்டிருந்தார்கள், இங்கிலாந்தின் நரிக்குப் பதில் இங்கே குள்ளநரி. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது, 1879இல் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் விதிகளை மீறிப் பொறியும் கண்ணியும் வைப்பதைக் குற்றங்களின் பட்டியலில் சேர்த்தது. உரிமம் வாங்கித் துப்பாக்கி தூக்கியவர் விளையாட்டு வீரர். கண்ணி வைத்த மலைவாசி திருடன். ஒரே காடு, ஒரே முயல், கருவி மட்டும் வேறு.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பாகுபாட்டைப் பெரும்பாலும் ஒழித்தது. அதன் வரையறையில் கண்ணி வைப்பது, பொறி வைப்பது, துரத்துவது எல்லாமே வேட்டைதான், முயற்சி செய்தாலும் வேட்டைதான். துரைமாரின் வேட்டையும் அதோடு முடிந்தது. அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்றால் இந்த இருநூறு வருடத்தில் கண்ணியே வேறொன்றாக மாறிவிட்டது.

6

ஹெர்ன் போகிற போக்கில் ஒரு தகவல் சொல்கிறார். அந்தப் பெண்ணின் ஊர் மேற்கே வெகுதொலைவில் இருந்தது. சிறைபிடிக்கப்படும் வரை அவள் இரும்பையோ வேறு எந்த உலோகத்தையோ பார்த்ததே இல்லை.

நரம்புக் கயிறும் பட்டைக் கயிறும் இற்றுப்போகும். மழை அதைத் தளர்த்தும், எலி கடிக்கும், சிக்கிய பெரிய மிருகம் அறுத்துக்கொண்டு போகும். வைத்தவர் அடிக்கடி போய்ப் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் இரையும் போச்சு, கயிறும் போச்சு. தேவையில்லாமல் பத்து கண்ணி அதிகம் வைக்கவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு கண்ணியும் கையால் முறுக்கிய ஒரு மாலை நேரம். இந்தக் குறைகள்தான் காட்டுக்குப் பாதுகாப்பாக இருந்தன. யாரும் திட்டமிட்டு வைத்த கட்டுப்பாடு இல்லை. பொருளின் இயல்பிலேயே இருந்த கட்டுப்பாடு.

இரும்புக் கம்பி அத்தனையையும் நீக்கிவிட்டது. விலை மலிவு. மக்காது. முயலுக்கு வைத்தது சிறுத்தையையும் விடாது. வைத்தவர் மறந்தாலும், ஊரைவிட்டே போனாலும் அது அங்கேயே இருக்கும். எங்கள் தொழிலில் இதற்கும் ஒரு பெயர் உண்டு. தொடங்கிவைத்த ப்ரோகிராம் போய்ச் சேர்ந்த பிறகும் தானாக ஓடிக்கொண்டிருப்பதை அநாதை ப்ராசஸ் என்போம்.

வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்று நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 1.23 கோடி கண்ணிகள் இருக்கலாம் என்று 2020இல் உலக இயற்கை நிதியம் மதிப்பிட்டது. பெரும்பாலும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பிகள். குச்சிகளால் நூற்றுக்கணக்கான மீட்டருக்கு வேலி கட்டி, இடைவெளிதோறும் ஒரு கண்ணி. வசதி படைத்தவர்களின் விருந்துக்குக் காட்டுக்கறி கேட்கும் நகரச் சந்தைதான் இதன் பின்னால். அந்த மலைகளில் சாவோலா என்ற பிராணி இருக்கிறது. நீண்ட நேர்க்கொம்புகள் கொண்ட அந்த விலங்கை அறிவியல் உலகம் அறிந்ததே 1992இல்தான். கடைசியாக ஒரு கேமரா அதைப் படம்பிடித்தது 2013இல். அதை யாரும் குறிவைத்துக்கூட வேட்டையாடவில்லை. வேறு எதற்கோ வைத்த கம்பிகள் அதற்குப் போதும்.

ஜிம்பாப்வேயின் சாவே பள்ளத்தாக்கில் 2001 முதல் 2009 வரை 80,000க்கும் அதிகமான கம்பிக் கண்ணிகள் அகற்றப்பட்டன. காட்டெருமைகள் வெளியே போகாமல் தடுக்கப் போட்ட வேலியிலிருந்தே கம்பியை அறுத்துக்கொண்டு போய்க் கண்ணி செய்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று. 2020 மே மாதம், இலங்கை மலையகத்தில் நல்லதண்ணிக்கு அருகே லக்சபான தோட்டம். மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. அந்தத் தீவில் அபூர்வத்திலும் அபூர்வம். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் இறந்தது. தேயிலை மலைகளில் லயத்தையொட்டிக் கொஞ்சம் கிழங்கும் கீரையும் போட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஒரு ராத்திரிப் பன்றி என்ன செய்யும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கம்பி வைக்கிறவனை அரக்கன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவனும் முயல் நரம்பை முறுக்கியவளும் ஒரே பசியின் வம்சம்தான். மாறியது கையில் இருக்கும் பொருள். சுற்றியிருக்கும் காடும் ஒரு தோட்டத்துக்கும் இன்னொரு தோட்டத்துக்கும் இடையில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டாகச் சுருங்கிவிட்டது. அந்தத் துண்டுக்குள் ஒரு கம்பி போதும்.

வைத்த இடத்துக்குத் திரும்பி வருவதுதான் கண்ணியின் பாதி. சிபுடுவில் வாட்லி தேடிய அந்த மூளையின் பாதியும் அதுதான், நினைவு வைத்துத் திரும்புவது. கம்பி நமக்குச் செய்த வசதி என்னவென்றால், திரும்பி வராமல் இருக்கலாம்.

7

அவளுக்கு என்ன ஆயிற்று?

அவளைக் கண்டுபிடித்த கூட்டத்திடம் தன் கதையைச் சொன்னாள். குழந்தை கொல்லப்பட்டதைச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள் என்கிறார் ஹெர்ன். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அதே கூட்டம் தாமிர ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, தூங்கிக்கொண்டிருந்த இன்யூட் குடும்பங்களைக் கொன்று தீர்த்திருந்தது. அந்த அருவிக்கு இன்றும் ரத்த அருவி என்றுதான் பெயர்.

அன்று மாலையே அவளுக்காக மல்யுத்தம் நடந்தது. வென்றவனுக்கு அவள் மனைவி. ஒரே மாலையில் ஏறக்குறைய பத்து பேரிடம் கைமாறினாள். அவளுடைய அழகு ஒரு காரணம், கைத்திறமை இன்னொரு காரணம். அதாவது அவளைத் தனியாக வாழ வைத்த அதே திறமைதான் அவளுடைய விலையையும் ஏற்றியது. ஏற்கெனவே ஏழு மனைவிகள் இருந்த மட்டோனாபியும் களத்தில் இறங்கப் பார்த்தார். இருப்பவர்களையே உன்னால் கவனிக்க முடியவில்லையே என்று அவருடைய மனைவிகளில் ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள். மட்டோனாபி அவளைக் கையாலும் காலாலும் அடித்த அடியில் அவள் சில நாள் கிடந்து செத்துப்போனாள். அவள் பெயரும் புத்தகத்தில் இல்லை. கண்ணி வைத்தவளின் பெயரும் இல்லை.

இந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு இளம் கவிஞர் அதிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துக் கவிதை எழுதினார். 1798இல் வெளிவந்த புகழ்பெற்ற தொகுப்பில் அது இருக்கிறது. கவிஞர் வேர்ட்ஸ்வர்த். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது இவளை இல்லை. நடக்க முடியாமல் நோயில் விழுந்து, கூட்டத்தால் பனியில் கைவிடப்பட்டு, சாவை எதிர்பார்த்துப் புலம்பும் ஒருத்தியை. கவிதைக்குத் தோதானவள் அவள்தான் போல. முயலின் பாதத்தில் நரம்பு உரித்துக்கொண்டிருப்பவளை வைத்துப் புலம்பல் எழுத முடியாது. அவள் புலம்பினாளா என்றே தெரியாது, வேலை நிறைய இருந்தது.

எனக்கு அவளிடம் வியப்பாக இருப்பது அவள் பிழைத்தது மட்டும் இல்லை. பிழைக்கத் தேவையானதை முடித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. உடையில் வேலைப்பாடு செய்தாள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளாமல். கயிறு திரித்தாள். இப்படிப்பட்ட நிலையில் உயிர்வாழ அவசியமில்லாத ஒன்றைச் செய்யும் நிதானம் எப்படி வந்தது என்று ஹெர்னே ஆச்சரியப்படுகிறார். எல்லாம் பறிபோன பிறகும் அவளிடம் நாளை என்ற ஒன்று மிச்சம் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் கண்ணி வைத்துவிட்டுத் தூங்குகிறவளுக்குக் காலையில் எழுந்து போய்ப் பார்க்க ஏதோ இருக்கிறது, அதனால் எழுந்திருப்பாள்.

வசந்தத்தில் அந்த மீன்வலை பின்னப்பட்டதாகப் புத்தகத்தில் எங்கும் இல்லை. நூற்றுக்கணக்கான பாகம் கயிறு அந்தக் குடிசையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்பது மட்டும் இருக்கிறது.